மணக்கும் திராட்சையும் மறைந்த பெயர்களும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்கோடியில் விளையும் ஒரு வெள்ளைத் திராட்சையைப் பற்றியும், அதிலிருந்து வடிக்கப்படும் மதுவைப் பற்றியும், அந்த மதுவுக்குப் பொருந்தும் உணவைப் பற்றியும் சொல்லப் போகிறேன். "தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு மதுவைப் பற்றி என்ன பேச்சு?" என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. குடிக்கச் சொல்வதற்காக நான் வரவில்லை. அந்த மதுவின் வரலாறு ஒரு தோட்டத்தின் வரலாறு. அதனால்தான் நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தோட்டம் என்றால் அதற்கு ஒரு துரை இருப்பார். வெயிலில் வேலை செய்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்படும் கூலி என்று ஒன்றும் இருக்கும். இந்தக் கதையிலும் அவை எல்லாம் உண்டு. அதோடு, தமிழ்க் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்ட மக்களும், நாம் வாழும் இந்த மலாய் உலகத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட மக்களும் இந்தக் கதையில் இருக்கிறார்கள்.

முதலில் திராட்சையைப் பார்ப்போம். அதன் பெயர் மஸ்கட். அரபு நாட்டு நகரமான மஸ்கட்டோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மிகப் பழைய திராட்சைக் குடும்பங்களில் ஒன்று. இந்தக் குடும்பத்தில் உயர்ந்ததாகக் கருதப்படுவது சிறுமணி வெள்ளை மஸ்கட். பிரான்சு நாட்டின் தென்கரையில் உள்ள ஃபிரொந்தினியான் என்ற ஊரின் பெயராலும் அதை அழைப்பார்கள். மற்றத் திராட்சைகளிலிருந்து வடித்த மதுவில் பெரும்பாலும் திராட்சைப் பழத்தின் மணம் தெரியாது. புளித்து முடிவதற்குள் அது மாறிவிடும். மஸ்கட் மட்டும் அப்படியல்ல. பழத்தில் இருந்த மணம் மதுவிலும் அப்படியே நிற்கும். ரோசாப்பூவையும் ஆரஞ்சுப் பூவையும் சேர்த்து முகர்ந்தது போல இருக்கும் என்று அதை வருணிப்பார்கள்.

இந்த மணம் எங்கிருந்து வருகிறது? பழத்தின் தோலிலும் சதையிலும் லினலூல், ஜெரானியோல் என்ற நறுமண எண்ணெய்ப் பொருள்கள் உள்ளன. பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் நமக்குப் புதிதல்ல. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கொத்தமல்லி விதையின் மணத்துக்கு முக்கியக் காரணம் அதே லினலூல்தான். ரோசாப்பூவில் இருப்பது அதே ஜெரானியோல். தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கறுப்புத் திராட்சைக்குப் 'பன்னீர் திராட்சை' என்று பெயர். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதுவும் இதே மஸ்கட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஹாம்பர்க் மஸ்கட் என்பது அதன் வகைப் பெயர். பன்னீர் என்று பெயர் வைத்த நம் உழவர் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் போகவில்லை. மூக்கைக் கொண்டே சரியாகச் சொல்லிவிட்டார்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1652 ஏப்ரல் மாதம் யான் வான் ரீபேக் என்பவர் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பில் நன்னம்பிக்கை முனையில் வந்து இறங்கினார். இது 1641-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்த அதே கும்பினி. ஐரோப்பாவிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, போகும் கப்பல்களுக்கு வழியில் தண்ணீரும் காய்கறியும் இறைச்சியும் கொடுக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் இந்தக் குடியேற்றம். 1655-இல் திராட்சைக் கொடிகள் வந்தன. 1659 பிப்ரவரி 2-ஆம் நாள் முதன்முதலாகத் திராட்சை பிழிந்து மது எடுக்கப்பட்டதை வான் ரீபேக் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

அந்த மண்ணுக்கு உரியவர்கள் கொய்கொய் என்னும் ஆடுமாடு மேய்க்கும் மக்கள். அவர்களை அடிமையாக்கக் கூடாது என்பது கும்பினியின் விதி. வெள்ளைக் குடியேறிகளோ வயலில் இறங்கி வேலை செய்ய விரும்பவில்லை. பின் வேலைக்கு ஆள்? 1658-இல் இரண்டு கப்பல்களில் ஆப்பிரிக்க அடிமைகள் வந்து இறங்கினார்கள். அதன் பிறகு ஏறத்தாழ 150 ஆண்டுக் காலம் அடிமைகள் வந்துகொண்டே இருந்தார்கள். வரலாற்று ஆசிரியர் ராபர்ட் ஷெல் பழைய பதிவேடுகளைக் கணக்கிட்டு, 1652 முதல் 1808 வரை அங்கே கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்று மதிப்பிட்டார். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஆப்பிரிக்காவின் பெருநிலத்திலிருந்தும், ஒரு பங்கினர் மடகாஸ்கர் தீவிலிருந்தும், ஒரு பங்கினர் இந்தியா, இலங்கைக் கரைகளிலிருந்தும், ஏனையோர் ஜாவா, சுலாவேசி, பாலி போன்ற தீவுகளிலிருந்தும் வந்தவர்கள்.

இந்தியாவிலிருந்து என்று சொன்னேன். வங்காளம், மலபார் ஆகியவற்றோடு சோழமண்டலக் கரையும் அதில் அடங்கும். பழவேற்காடும் நாகப்பட்டினமும் அப்போது டச்சுக்காரர் கையில் இருந்தன. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும் சேர்ந்து வாட்டியபோது, பசி தாங்காமல் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். டச்சுக் கப்பல்கள் அவர்களில் பெரும்பாலோரை இலங்கைக்கும், ஒரு பகுதியினரைப் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கொண்டுபோயின. அதே கரையிலிருந்து சிலர் பின்னர் நன்னம்பிக்கை முனைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணிகள் மூலமாகவும் மலாயாவுக்குக் கப்பலேறியதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது.

இப்போது நம் கதையின் தோட்டத்துக்கு வருவோம். 1679-இல் சைமன் வான் டெர் ஸ்டெல் என்பவர் நன்னம்பிக்கை முனையின் அதிகாரியாக வந்தார். பின்னர் 1691-இல் கவர்னர் ஆனார். திராட்சை வளர்ப்பில் நல்ல அறிவு உள்ளவர். மேசை மலையின் தென்புறத்துச் சரிவில், கடற்காற்று வீசும் ஒரு பள்ளத்தாக்கில் 1685-இல் அவருக்கு ஏறத்தாழ 1,900 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. அந்தத் தோட்டத்துக்கு அவர் வைத்த பெயர் கான்ஸ்டான்ஷியா.

இந்த வான் டெர் ஸ்டெலைப் பற்றி ஒரு செய்தி உண்டு. இவருடைய தாயின் தாய் மோனிகா என்ற பெண். இந்தியக் கரையைச் சேர்ந்தவர். அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவர். அதாவது, கான்ஸ்டான்ஷியாவின் முதல் துரைக்கு ஓர் இந்திய அடிமைப் பெண் பாட்டி முறை. ஆனாலும் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அடிமைகளே. பாட்டி பட்ட பாடு பேரனின் தோட்டத்தில் யாருக்கும் விடுதலை வாங்கித் தரவில்லை. பதவியும் நிலமும் வந்த பிறகு மனிதர் தாம் வந்த வழியை மறந்துவிடுவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

1712-இல் வான் டெர் ஸ்டெல் இறந்தார். பிறகு தோட்டம் துண்டு துண்டாகப் பிரிந்தது. கட்டடம் இருந்த முக்கியப் பகுதிக்குப் பெரிய கான்ஸ்டான்ஷியா என்று பெயர் வந்தது. 1778-இல் ஹென்ட்ரிக் க்ளூட்டே என்பவர் அதை வாங்கிய பிறகுதான் கான்ஸ்டான்ஷியா மது உலகப் புகழ் பெற்றது. சிறுமணி மஸ்கட் பழங்களைக் கொடியிலேயே விட்டுப் பாதி உலரவைத்து, சர்க்கரைச் சத்து செறிந்த பிறகு பறித்துப் பிழிந்தார்கள். தேன் போன்ற, மணம் மிக்க இனிப்பு மது கிடைத்தது. ஐரோப்பிய அரண்மனைகளுக்கு அது போயிற்று. செயின்ட் ஹெலினாத் தீவில் 1815 முதல் 1821 வரை சிறையிருந்த நெப்போலியனுக்கும் அது கப்பலில் அனுப்பப்பட்டது. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1811-இல் வெளியிட்ட தம் கதை ஒன்றில், மனவேதனைக்கு மருந்தாக இந்த மதுவைக் குறிப்பிடுகிறார்.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். பழத்தைக் கொடியிலேயே உலரவிடுவது என்றால் என்ன? எல்லாக் குலையும் ஒரே நாளில் பதமாகாது. இன்று பழுத்ததை இன்று பறிக்க வேண்டும். மற்றதை விட்டுவிட்டு மறுபடி வரவேண்டும். ஒரே வரிசைக்குப் பலமுறை போக வேண்டும். கூடையைச் சுமக்க வேண்டும். தொட்டியில் கொட்டிக் காலால் மிதிக்க வேண்டும். தென்பாதி உலகத்தில் அறுவடைக் காலம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அது நல்ல கோடை வெயில் காலம். பிறகு குளிர்காலத்தில் கொடி வெட்ட வேண்டும். களை பிடுங்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து, நிரையில் மரம் மரமாகப் போய்ப் பால் வெட்டியவர்களுக்கு இந்த வேலையின் அளவை நான் விளக்க வேண்டியதில்லை. அரண்மனை மேசையில் ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றப்பட்ட மதுவுக்குப் பின்னால் இத்தனை கைகளும் கால்களும் இருந்தன.

அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர் என்ன? இதுதான் மனத்தை உறுத்தும் கேள்வி. அவர்களுடைய தாய் தந்தையர் வைத்த பெயர்கள் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. விற்பனைப் பத்திரத்திலும், இறந்துபோன எசமானரின் சொத்துப் பட்டியலிலும், நீதிமன்றப் பதிவிலும் மட்டுமே அவர்கள் வருகிறார்கள். மேசை, நாற்காலி, மாடு, வண்டி, அடிமை என்று ஒரே பட்டியலில் எழுதினார்கள். ஒருவர் வந்த இடத்தைச் சேர்த்து 'வான் பெங்காலன்', 'வான் மலபார்', 'வான் கோரமண்டல்' என்றார்கள். வான் என்றால் 'அந்த ஊரைச் சேர்ந்த' என்று பொருள். சிலருக்கு மாதங்களின் பெயரை வைத்தார்கள். இன்றும் கேப் டவுன் நகரத்தில் செப்டம்பர், பிப்ரவரி, ஏப்ரல் என்பன குடும்பப் பெயர்களாக இருக்கின்றன.

ஆனாலும் அவர்கள் எல்லாவற்றையும் இழந்துவிடவில்லை. மொழியிலும் சமையலிலும் தங்கள் அடையாளத்தை விட்டுச் சென்றார்கள். டச்சு மொழி அடிமைகளின் வாயிலும் கொய்கொய் மக்களின் வாயிலும் புழங்கி, மாறி, ஆஃப்ரிகான்ஸ் என்ற புது மொழியாயிற்று. அந்த மொழியில் வாழைப்பழத்துக்கு 'பீசாங்' என்றுதான் பெயர். நம் பசாரில் கேட்கும் அதே சொல்! 'நிறைய' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'பாய' என்ற சொல் மலாயின் 'பாஞாக்' என்பதிலிருந்து வந்தது. 'கெரி' என்பது நம் கறி. இந்த மொழியை முதலில் எழுத்தில் வடித்தவர்களில் முஸ்லிம் பள்ளிகளின் ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர்கள் அதை அரபு எழுத்தில் எழுதினார்கள்.

அந்தப் பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டச்சுக்காரரை எதிர்த்த மலாய் உலகத்துத் தலைவர்களும் சமயப் பெரியவர்களும் நன்னம்பிக்கை முனைக்கு நாடு கடத்தப்பட்டார்கள். கான்ஸ்டான்ஷியாத் தோட்டத்தை ஒட்டியே, சுமத்ராவிலிருந்து கொண்டுவரப்பட்ட அப்படி ஒரு பெரியவரின் அடக்கத்தலம் உள்ளது. அங்கும் அதைக் 'கிராமாத்' என்றே அழைக்கிறார்கள். நம் நாட்டில் கெராமாட் என்கிறோம் அல்லவா, அதே சொல். மக்காசாரின் ஷேக் யூசுப் 1694-இல் கொண்டுவரப்பட்டு 1699-இல் அங்கேயே இறந்தார். தீடோரே தீவிலிருந்து 1780-இல் கைதியாகக் கொண்டுவரப்பட்ட துவான் குரு, சிறையில் இருந்தபோது திருக்குர்ஆனை நினைவிலிருந்தே எழுதினார்; விடுதலையான பின் 1793-இல் கேப் டவுனில் ஒரு பள்ளி தொடங்கினார். அடிமைகளும் விடுவிக்கப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். அடுத்த ஆண்டில் அவ்வல் பள்ளிவாசல் தோன்றியது. ஏட்டில் பொருளாக எழுதப்பட்டவர்களை மாணவர்களாக உட்காரவைத்த பள்ளி அது.

இனி உணவுக்கு வருவோம். அடிமைப் பெண்கள் துரைமார் வீட்டு அடுப்படியில் சமைத்தார்கள். இஞ்சி, மஞ்சள், கொத்தமல்லி, சீரகம், இலவங்கப்பட்டை, புளிப்பு, இனிப்பு எல்லாம் டச்சுக்காரரின் சப்பென்ற இறைச்சிக் குழம்புக்குள் நுழைந்தன. அங்கே இன்று பெருமையாகப் பேசப்படும் உணவு 'பொபோட்டி'. கொத்திய இறைச்சியோடு வெங்காயம், கறித்தூள், மஞ்சள், பாலில் ஊறிய ரொட்டி, உலர்ந்த திராட்சை ஆகியவற்றைக் கலந்து, மேலே முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, எலுமிச்சை இலையோ பிரிஞ்சி இலையோ செருகி, அடுப்பில் வேகவைத்து எடுப்பார்கள். மஞ்சள் சோற்றோடு சாப்பிடுவார்கள். கம்பியில் கோத்துச் சுடும் 'சொசாட்டி' நம் சாத்தேக்கு உறவு. 'சம்பல்', 'ஆச்சார்' இரண்டும் பெயர்கூட மாறாமல் இருக்கின்றன. 'பிளாட்யாங்' என்று பழச் சட்னி ஒன்று உண்டு. சொல் நம் பிளாச்சானிலிருந்து வந்தது. ஆனால் இறால் மறைந்து போய் உலர்ந்த சர்க்கரைப் பாதாமிப் பழம் வந்துவிட்டது. சீனிப்பாகில் தோய்த்த, ஏலக்காயும் சோம்பும் மணக்கும் 'கூசிஸ்டர்' பலகாரத்தை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பசியாறுவார்கள்.

மஸ்கட் மதுவுக்கு எந்த உணவு பொருந்தும் என்று கேட்டால், மது வல்லுநர்கள் இத்தகைய உணவுகளையே சொல்கிறார்கள். காரணம் எளிது. இனிப்பே இல்லாத, கடுமையான மது மிளகாய்க் காரத்தை மேலும் எரியவைக்கும். சற்று இனிப்பும் மணமும் உள்ளது எரிச்சலைத் தணிக்கும். அதோடு, கொத்தமல்லியின் மணமும் மஸ்கட்டின் மணமும் ஒரே பொருளிலிருந்து வருவதால் ஒன்றோடொன்று இசைந்துபோகும். நன்றாக இனித்த கான்ஸ்டான்ஷியா மதுவையோ உணவுக்குப் பின் பழப் பலகாரத்தோடும், உப்புச் சுவை மிக்க நீலப் பாலாடைக்கட்டியோடும் பரிமாறுவார்கள். உப்புக்கு இனிப்பு ஈடு கொடுக்கும். கொய்யாப்பழத்தில் உப்புத் தொட்டுச் சாப்பிடும் நமக்கு இது புரியாததல்ல.

இதில் ஒரு முரணும் உண்டு. இந்தச் சமையலை வளர்த்த கேப் மலாய் மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், மதுவைத் தொடாதவர்கள். ஒருவர் கொடியை வளர்த்தார், ஒருவர் உணவைச் சமைத்தார். இரண்டும் ஒன்றுசேர்ந்தது வேறொருவரின் மேசையில்.

அப்படியானால் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு மது கிடைக்கவே இல்லையா? கிடைத்தது. அதுதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி. டச்சுக்காரர் காலத்திலிருந்தே தொழிலாளிக்குக் கூலியின் ஒரு பங்காக மது கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. 'டாப்' முறை என்று அதற்குப் பெயர். நல்ல மது கப்பலேறிவிடும். விலைபோகாத மட்டமான மது தொழிலாளியின் தகரக் குவளைக்கு வரும். காலையில் ஒரு குவளை, வேலை நடுவில் ஒரு குவளை, பகலில், மாலையில் என்று நாளெல்லாம் கொடுப்பார்கள். தொழிலாளிக்குப் பழக்கம் பிடித்துக்கொள்ளும். அந்தத் தோட்டத்தை விட்டுப் போகமாட்டார். துரைக்குக் கூலி மிச்சம்.

இடையில் பெரிய மாற்றங்கள் நடந்தன. 1795-இலும் மீண்டும் 1806-இலும் ஆங்கிலேயர் அந்த நாட்டைப் பிடித்தார்கள். 1808-இல் மொரீசியசின் லூயி என்ற அடிமையின் தலைமையில் 300-க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை கேட்டுக் கேப் டவுனை நோக்கி நடந்தார்கள். அந்த எழுச்சி அடக்கப்பட்டது. 1834 டிசம்பர் 1-இல் அடிமை முறை ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆயினும் 'பயிற்சிக் காலம்' என்று பெயரிட்டு மேலும் நான்கு ஆண்டுகள் அதே எசமானரிடம் வேலை வாங்கினார்கள். 1838 டிசம்பர் 1-இல்தான் 35,000-க்கும் மேற்பட்டோர் உண்மையில் விடுதலை பெற்றார்கள். ஆங்கில அரசு தன் பேரரசு முழுவதிலும் இருந்த அடிமை உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுன் நட்டஈடு ஒதுக்கியது. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. ஒரு காணி நிலமும் இல்லை. 1841-இல் எசமானர்-பணியாளர் சட்டம் வந்தது. சொல்லாமல் வேலையை விட்டால் அது குற்றம். நிலமில்லாதவர் எங்கே போவார்? பலர் அதே தோட்டங்களுக்கே கூலியாகத் திரும்பினார்கள். டாப் முறையும் அவர்களோடு தொடர்ந்தது.

கான்ஸ்டான்ஷியாவுக்கும் கெட்ட காலம் வந்தது. 1860-க்குப் பின் ஆங்கிலச் சந்தையில் அதற்கு இருந்த வரிச் சலுகை போயிற்று. பிரெஞ்சு மது மலிவாக இறங்கியது. 1885-இல் க்ளூட்டே குடும்பத்திடமிருந்து பெரிய கான்ஸ்டான்ஷியாவை அரசாங்கமே வாங்கியது. 1886-இல் ஃபிலாக்சரா என்ற நுண்ணிய பேன் அந்த நாட்டில் காணப்பட்டது. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பரவி, அங்கிருந்து வந்த பூச்சி அது. கொடியின் வேரை உறிஞ்சிக் கொன்றுவிடும். மருந்துகள் பெரிதாகப் பலிக்கவில்லை. இறுதியில் கண்ட வழி என்ன தெரியுமா? பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். நாற்றங்காலில் ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். இன்றும் உலகின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்கள் அப்படி இன்னொரு வேரில்தான் நிற்கின்றன.

பழைய புகழ் பெற்ற இனிப்பு மது ஏறத்தாழ நூறாண்டுகள் மறைந்திருந்தது. சிறிய கான்ஸ்டான்ஷியா என்ற பகுதியை 1980-இல் வாங்கியவர்கள் மீண்டும் சிறுமணி மஸ்கட்டை நட்டார்கள். 1986-ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து அந்த மது மறுபடி பிறந்தது. இன்று உலகச் சந்தையில் அதற்கு மிக உயர்ந்த விலை.

மது திரும்பி வந்தது. மக்கள்? அடிமைகளின் வழிவந்த குடும்பங்கள் சில கான்ஸ்டான்ஷியாப் பள்ளத்தாக்கில் நிலம் வாங்கிக் காய்கறியும் பூவும் பயிரிட்டு வாழ்ந்து வந்தன. 1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் அந்தப் பள்ளத்தாக்கு வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. 1960-களில் அந்தக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1994-இல் மக்களாட்சி மலர்ந்து, நில மீட்புச் சட்டம் வந்த பிறகே அவர்களால் தங்கள் நிலத்துக்கு உரிமை கோர முடிந்தது.

டாப் முறையை 1960-களின் தொடக்கத்தில் சட்டம் தடை செய்தது. ஆனாலும் 1990-கள் வரை பல பண்ணைகளில் அது மறைமுகமாக நடந்தது. கூலிக்குப் பதிலாக மது கொடுப்பதை 2003-ஆம் ஆண்டின் மதுச் சட்டம் மீண்டும் திட்டவட்டமாகத் தடுத்தது. அதன் தழும்பு ஆறவில்லை. கருவுற்ற தாய்மார் மது அருந்தியதால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம், உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்களில் அந்தத் திராட்சை வட்டாரமும் ஒன்று. அந்தக் குழந்தைகளுக்கு எழுத்தும் கணக்கும் எளிதில் ஏறுவதில்லை. வகுப்பறையில் நிற்கிற ஓர் ஆசிரியனுக்கு இதைவிடத் துயரமான செய்தி வேறு கிடையாது. தாத்தாவுக்குக் கொடுத்த குவளையின் விலையைப் பேரப்பிள்ளை கட்டுகிறது.

நம் கதையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. மலாயாவின் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்ததையும், வாங்கிய சம்பளம் வீடு வந்து சேராமல் அங்கேயே கரைந்ததையும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. குடிக்கிறவர் என்று பழிக்கப்பட்ட அதே மக்கள்தான் கடையை மூடு என்று கேட்டார்கள். இது நினைவில் வைக்கத் தக்கது. தென்னாப்பிரிக்காவிலும் 2012-இன் இறுதியில் டி டோர்ன்ஸ் வட்டாரத் திராட்சைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது சட்டப்படி அவர்களுக்கு உரிய குறைந்த நாட்கூலி 69 ராண்டு. அவர்கள் கேட்டது 150. 2013 மார்ச்சு முதல் 105 ராண்டாக உயர்த்தப்பட்டது. கேட்ட அளவு கிடைக்கவில்லை. ஆயினும் கேட்டதால்தான் இந்த அளவாவது கிடைத்தது.

நேயர்களே, ஒரு பொருள் புகழ் பெறும்போது அதை வாங்கியவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. விற்றவர் பெயர் நிற்கிறது. பயிரிட்டவர் பெயர் மட்டும் நிற்பதில்லை. நெப்போலியன் குடித்தது தெரிகிறது. அந்த ஆண்டு அந்தப் பழத்தைப் பறித்தவர் யார் என்பது தெரியவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து போன அந்தத் தமிழர்களுக்குத் தங்கள் பெயரை எழுதிவைக்க வழியில்லாமல் போயிற்று. நமக்கு அப்படியில்லை. நமக்குப் பள்ளி இருக்கிறது. எழுதத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள்.

ஆகவே இன்று இதைக் கேட்கும் மாணவ மணிகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தா, பாட்டி, முடிந்தால் அவர்களுடைய தாய் தந்தையர் பெயரைக் கேட்டு எழுதுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் எந்த நிரையில் வேலை செய்தார்கள், என்ன சம்பளம் வாங்கினார்கள், வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். பெரியவர்களே, பிள்ளைகள் வந்து கேட்கும்போது "அதெல்லாம் எதற்கு?" என்று தட்டிக் கழிக்காமல் பொறுமையாகச் சொல்லுங்கள்.